பாங்காக்கில் ரூம் போடும் முன் ஸ்டேஷனைப் பாருங்கள்

"சார், ரூமெல்லாம் நாங்களே போட்டுட்டோம். டிக்கெட்டும் ஊர் சுத்திப் பாக்குறதும் மட்டும் நீங்க பாத்துக்குங்க." பாங்காக் கிளம்பும் குடும்பங்கள் பல இப்படித்தான் என் அலுவலகத்துக்கு வருகின்றன. அதில் தவறில்லை. ஆனால் ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டால், "சுகும்வித்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அங்கேதான் எனக்குக் கவலை தொடங்கும்.

சுகும்வித் ஒரு சாலை. பாங்காக்கின் நடுவில் தொடங்கிக் கம்போடிய எல்லையை ஒட்டிய திராட் மாகாணம் வரை போகிற நெடுஞ்சாலை. "சுகும்வித்தில் ஹோட்டல்" என்பது "ஜிஎஸ்டி ரோட்டில் வீடு" என்று சொல்வதைப் போல. தாம்பரமா, திண்டிவனமா? அந்தச் சாலையின் இரு பக்கமும் சோய் என்று அழைக்கப்படும் கிளைத்தெருக்கள் பிரிகின்றன. வடக்கே ஒற்றைப்படை எண்கள், தெற்கே இரட்டைப்படை. எதிரெதிர்த் தெருக்களின் எண்களும் ஒத்துப்போகாது. அசோக் சந்திப்பில் ஒரு பக்கம் 21 என்றால் எதிர்ப்பக்கம் 16-ஐ ஒட்டிய இடம். சோய் என்றதும் நம்மூர் முட்டுச்சந்தை நினைத்துவிட வேண்டாம். தோங் லோ என்கிற 55-ஆம் சோய் மட்டுமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அந்தத் தோங் லோவில்தான் ரூம் போட்டிருந்தது. "ஸ்டேஷனுக்கு அருகில்" என்று விளம்பரம். ரூம் அழகானது, விலையும் குறைவு. ஆனால் சோயின் மறுகோடியில் இருந்தது. கூட வந்த பாட்டிக்கு முழங்கால் வலி. முதல் நாள் ஏப்ரல் வெயிலில் அரை மணி நேரம் நடந்தார்கள். இரண்டாம் நாள் டாக்ஸி பிடித்து, ஸ்டேஷன் போய்ச் சேரவே இருபது நிமிடம் நெரிசலில் நின்றார்கள். மூன்றாம் நாள் காலை பாட்டி, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் டிவி பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். பேரன் பேத்தியோடு ஒரு வெளிநாடு பார்க்க வேண்டும் என்று பல வருடம் காத்திருந்தவர். அந்த வாக்கியத்தை அவர் மகன் என்னிடம் சொன்னதிலிருந்து, பாங்காக் ரூம் விஷயத்தில் நான் ஒரே பிடியாக நிற்கிறேன். பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலோ எம்ஆர்டி என்கிற சுரங்க ரயிலோ, ஏதாவது ஒன்றின் ஸ்டேஷன் ஹோட்டல் வாசலிலிருந்து 500 மீட்டர் நடைக்குள் இருக்க வேண்டும். மேப்பில் நேர்க்கோடு போட்டு அளக்காதீர்கள். நடக்கும் வழியைப் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால், அந்த ஸ்டேஷனில் லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது அசோக். பிடிஎஸ் ரயிலும் எம்ஆர்டி நீலத் தடமும் அங்கே சந்திக்கின்றன. எம்ஆர்டியில் ஏறினால் வண்டி மாறாமல் சனாம் சாய் ஸ்டேஷன். அங்கிருந்து வாட் போ கோயிலும் அரண்மனையும் நடை தூரம். 2019-இல் இந்தத் தடம் நீட்டிக்கப்படும் வரை பழைய நகரத்துக்குப் போக டாக்ஸியோ பஸ்ஸோ படகோதான் கதி. அந்தக் காலத்து யோசனையை இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

துணிமணி வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்குப் பிரத்துநாம். மொத்த விலை ஜவுளிக் கடைகள், இந்தியச் சாப்பாடு எல்லாம் காலடியில். சுவர்ணபூமி விமான நிலைய ரயில் நின்று போகும் ராச்சப்ரரோப் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. சென் சேப் கால்வாய்ப் படகும் அங்கேதான் புறப்படுகிறது. சாலை நெரிசல் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் தெறிக்காமல் ஓரத்தில் இருக்கும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டால் பழைய நகரத்தின் விளிம்பில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஏறி இறங்கும்போது மட்டும் சட்டென்று காலை வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு அது சரிப்படாது.

சீலோம், சாத்தோன் பக்கம் அமைதியானது, ஆற்றுக்கும் கிட்ட. எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது அதுதான். காவ் சான் சாலை முதுகுப்பை இளைஞர்களின் இடம். ரயில் ஸ்டேஷன் கிட்டத்தில் இல்லை, இரவு முழுக்கப் பாட்டுச் சத்தம். சுகும்வித் 3, 4-ஆம் சோய்கள் இருக்கும் நானா பகுதியில் நல்ல இந்திய உணவகங்கள் உண்டு, ரயிலும் உண்டு. ஆனால் 4-ஆம் சோயின் முகப்பு இரவானதும் மது விடுதித் தெருவாகிவிடும். சின்னப் பிள்ளைகளோடு ராத்திரி பத்து மணிக்கு அதைக் கடந்து ரூமுக்குப் போக வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே யோசித்துவிடுங்கள்.

அப்புறம் இந்த அபார்ட்மென்ட் வாடகை. நீச்சல் குளம், சமையலறை எல்லாம் போட்டோவில் பளபளவென்று இருக்கும், ஹோட்டலைவிட மலிவு. ஆனால் தாய்லாந்துச் சட்டப்படி, ஹோட்டல் உரிமம் இல்லாத குடியிருப்பை 30 நாளுக்குக் குறைவாக நாள் வாடகைக்கு விடக் கூடாது. பொறுப்பு வீட்டுக்காரருடையதுதான். என்றாலும் நடு ராத்திரியில் பெட்டியோடு வாசலில் நிற்பது நீங்கள். "செக்யூரிட்டி கேட்டா ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க" என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால், அந்த இடமே வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து போகும் விமானங்களில் சில ராத்திரி கிளம்பி விடிகாலையில் போய் இறங்கும். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஹோட்டலில் ரூம் தருவதோ மதியம் இரண்டு மணிக்கு. தூங்காத குழந்தைகளோடு ஒன்பது மணி நேரம் வரவேற்பறை சோபாவில் கிடக்கும் குடும்பங்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். வசதி இருந்தால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்தே ரூம் போடுங்கள். செலவுதான். ஆனால் முதல் நாள் வீணாகாது.

இனி, அரண்மனை வாசல். பாங்காக் போகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு முறை என் குழுவோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் தண்ணீர் வாங்கப் பின்தங்கிவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மேப் என்று ஒருவர் வந்தாராம். சிரித்த முகம். "இன்று பிரார்த்தனை நாள், அரண்மனை ஒரு மணிக்குத்தான் திறக்கும்" என்றிருக்கிறார். மேப்பில் பேனாவால் மூன்று வட்டம் போட்டுக் கொடுத்து, அதுவரை இந்தக் கோயில்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அரசாங்கத் துக்-துக் வண்டி, 20 பாட்தான் என்று கைதட்டி ஒரு வண்டியையும் நிறுத்திவிட்டார். முதலில் போனது நிஜமாகவே ஒரு சின்னக் கோயில். அங்கே இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பதுபோல, இன்றைக்கு மட்டும் வரியில்லாமல் நீலக்கல் விற்கிறார்கள் என்றாராம். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னதால் ஆசிரியருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் ஒரே கூட்டம். மகளுக்கு ஒரு மோதிரம், கார்டில் பணம். சென்னையில் நகைக்கடைக்காரர் பார்த்துவிட்டுக் கல் உண்மைதான், விலைதான் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாது என்று சொன்னார்.

எனக்கு இதில் வலித்தது, அவர் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்று வெட்கம். அவர் வாயைத் திறந்தபோது நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள். அன்றே சொல்லியிருந்தால் 1155 என்ற எண்ணில் சுற்றுலா போலீசை அழைத்திருக்கலாம், ஆங்கிலத்தில் பேசுவார்கள். படித்தவர், படிக்காதவர் என்று பார்த்து நடக்கிற ஏமாற்று இல்லை இது. வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்து போய்த் தெரிந்துகொள்ளுங்கள், தெருவில் யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். வழக்கமாகக் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் கொடுப்பார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை கூடாது. உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள நீண்ட மண்டபத்தில் 178 சுவர் ஓவியங்களில் ராமகதை. அவர்கள் அதை ராமகியன் என்கிறார்கள். பெரும்பாலான குழுக்கள் இதைக் கடந்து ஓடிவிடும். நான் அரை மணியாவது அங்கே நிறுத்துவேன். நம் அனுமன் பிரம்மச்சாரி. அவர்கள் அனுமன் கடல்கன்னியைக் காதலிப்பவர். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த ஓவியத்தின் முன்னால் ஒரு விவாதமே நடக்கும்.

வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் பாதங்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 108 மங்கலச் சின்னங்களை முத்துச் சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். அங்கிருந்து படகுத் துறைக்கு நடந்து ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோயில். ஆற்றில் போக ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு போதும். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 20 பாட்டுக்குள். துறையில் கூவி அழைத்து விற்பது வேறு படகு.

ரொம்ப மலிவான பேக்கேஜ் கிடைத்தால் பயணத் திட்டத்தை வரி விடாமல் படியுங்கள். நவரத்தினக் கடை, தோல் பொருள் கடை, தேன் கடை என்று ஒவ்வொரு நாளும் ஒரு நிறுத்தம் இருந்தால், மலிவு விலையின் மீதிப் பணம் அந்தக் கடைகளின் கமிஷனிலிருந்து வருகிறது என்று அர்த்தம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் இதை எழுதுவது பிடிக்காது. ஆனால் உங்கள் ஒன்றரை நாளை அந்தக் கடைகள் தின்றுவிடுகின்றன.

நுழைவு விஷயம் ஒன்று. 2025 மே 1 முதல் தாய்லாந்து போகிற வெளிநாட்டவர் எல்லோரும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. கார்டு எண் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிவரவுத் துறையின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்டாகப் போனால் போதும், அங்கே விசா மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது பையனை அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். அப்படிப் போனவர்களை எல்லை நகரமான மே சொட் வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைத்தார்கள். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகமே இதை எச்சரித்தது. மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒருவழி டிக்கெட்டோடு, தங்குமிட முகவரி தெரியாமல் என்னிடம் வரும் இளைஞர்களுக்கு நான் டிக்கெட் போடுவதில்லை. உட்காரவைத்துப் பேசுகிறேன், வீட்டுக்குப் போன் செய்யச் சொல்கிறேன்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. "வெஜிடேரியன்" என்று சொன்னால் காய்கறியை மீன் சாற்றில் வதக்கிக் கொடுத்துவிடுவார்கள். "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்று எழுதியதுபோல இருக்கும் அந்தத் தாய் எழுத்து. அது இருக்கும் கடையில் மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. நம்மூர் விரதச் சாப்பாட்டுக்கே ஒத்துவரும்.

சாம் யோட் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், இரண்டு சிவப்பு மரத் தூண்கள் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும். அதுதான் பெரிய ஊஞ்சல். முதன்முதலில் 1784-இல் வைத்தது. அதில் ஊஞ்சலாடும் விழா 1935-ஓடு நின்றுபோனது. பக்கத்தில் இருக்கும் தேவஸ்தானத்தில் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை விழாவை இன்னமும் நடத்துகிறார்கள். அவர்கள் வாயில் அது "திரியம்பவாய்". மார்கழியில் நாம் பாடும் அதே மாணிக்கவாசகர் பாட்டுதான். உச்சரிப்பு தேய்ந்து அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருக்கிறது. பயணிகள் கூட்டம் அங்கே வருவதில்லை. நான் ஒவ்வொரு குழுவையும் கூட்டிப்போகிறேன்.

கடைசி நாளில் பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள், விமானமோ ராத்திரி. பெட்டிகளை ஹோட்டலிலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டுச் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். 1870-களில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்று சொன்னால் தெரியாது, "வாட் கேக்" என்று சொல்லுங்கள். நம்மவர்களை அவர்கள் அழைக்கும் சொல் "கேக்". விருந்தாளி என்றும் அதற்குப் பொருள். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள், போனைப் பையில் போட்டுவிடுங்கள். தேங்காயும் சாமந்தி மாலையும் தட்டில் ஏந்தி வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும்தான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சூரசக் ஸ்டேஷன் நடை தூரம். அங்கிருந்து ரயிலில் பயா தாய் போய், விமான நிலைய ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். பெட்டியை எடுக்க ஹோட்டலுக்குத் திரும்பிப் போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த ஊரில் டாக்ஸியை நம்ப முடியாது.