டீப்ஃபேக்: விதிகள் எதைக் கேட்கின்றன, பாதிக்கப்பட்டவர் எதைக் கேட்கலாம்

ஒருவருடைய முகத்தையோ குரலையோ செயற்கை நுண்ணறிவின் துணையால் அச்சு அசலாக உருவாக்கி, அவர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் காட்டும் படம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றுக்கு டீப்ஃபேக் என்ற பெயர் 2017-இல் வழக்கில் வந்தது. இதை அடியோடு தடை செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், நோயால் பேச்சு குன்றிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனிஃபர் வெக்ஸ்டன் 2024 ஜூலையில், தம் பழைய குரலைப் போலவே கணினி உருவாக்கிய குரலைக் கொண்டு அவையில் உரையாற்றியதும் இதே வகைத் தொழில்நுட்பத்தால்தான். ஆகவே சட்டங்கள் கருவியை விட்டுவிட்டு, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இருந்ததா, பார்ப்பவர் ஏமாற்றப்பட்டாரா என்ற இரண்டையே பெரும்பாலும் பார்க்கின்றன.

ஏமாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2024 தொடக்கத்தில் ஹாங்காங் காவல்துறை வெளியிட்ட வழக்கு ஒன்று போதும். ரகசியப் பணப் பரிமாற்றம் பற்றி வந்த செய்தியை முதலில் சந்தேகித்த ஊழியர் ஒருவர், காணொளிக் கூட்டத்தில் தம் நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவரையும் தெரிந்த சக ஊழியர்களையும் நேரில் பார்ப்பதுபோல் பார்த்தவுடன் சந்தேகம் நீங்கி, ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் போலி. இத்தகைய மோசடிகளே தலைப்புச் செய்தியாகின்றன என்றாலும், பெண்களின் முகத்தை அவர்கள் அறியாமலேயே ஆபாசப் படங்களில் ஒட்டிப் பரப்புவது இதைவிடப் பரவலான கொடுமை.

விதிகளில் ஒரு வகை, செயற்கையாக உருவாக்கியது என்று அடையாளமிடுவதைக் கட்டாயமாக்குவது. சீனாவில் 2023 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், மக்களைக் குழப்பக்கூடிய செயற்கை உள்ளடக்கத்தில் அடையாளம் இருக்க வேண்டும் என்பதோடு, முகத்தையோ குரலையோ மாற்றுவதற்கு உரியவரிடம் தனியாகச் சம்மதம் பெற வேண்டும் என்றும் கூறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 50-ஆவது பிரிவும் டீப்ஃபேக்கை வெளியிடுபவர் அது செயற்கையானது என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது. நையாண்டி, கலைப் படைப்பு போன்றவற்றில் ரசனை கெடாத அளவில் தெரிவித்தால் போதும். தவறினால் அபராதம் 1.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 3 சதவீதம் வரை போகலாம். ஏமாற்ற வந்தவன் அடையாளத்தை ஒட்டிவிட்டா வருவான் என்பது நியாயமான கேள்விதான். இந்தக் கடமை நேர்மையானவர்களையும் பெரிய நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் அளவுக்கு மோசடிக்காரர்களைக் கட்டுப்படுத்தாது.

பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாகக் கைகொடுப்பது இரண்டாம் வகை, அதாவது நீக்கக் கோரும் உரிமை. அமெரிக்காவில் 2025 மே 19 அன்று கையெழுத்தான ‘டேக் இட் டவுன்’ சட்டம், சம்மதமின்றி வெளியிடப்பட்ட அந்தரங்கப் படங்களை, டீப்ஃபேக் உட்பட, முறையான கோரிக்கை கிடைத்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்றும், அதே படத்தின் நகல்களையும் தேடி அகற்ற முயல வேண்டும் என்றும் விதிக்கிறது. கோரிக்கையில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: கையொப்பம் (மின்னணுக் கையொப்பமும் செல்லும்), படத்தை அடையாளம் கண்டு எடுப்பதற்குப் போதிய தகவல், அது சம்மதமின்றி வெளியானது என்ற சுருக்கமான கூற்று, தொடர்பு விவரம். வெளியிட்டவருக்கு, படத்தில் இருப்பவர் வயது வந்தவரானால் 2 ஆண்டுகள் வரையிலும், சிறாரானால் 3 ஆண்டுகள் வரையிலும் சிறைத்தண்டனை உண்டு.

கோரிக்கை அனுப்பும் முன்பே இணைப்பு முகவரி, பதிவிட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து, பதிவின் திரைப்பிடிப்பையும் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். தளம் படத்தை நீக்கியபின் காவல்துறைக்குக் காட்ட அவைதான் கையில் இருக்கும். படத்தில் இருப்பவர் சிறார் என்றால் மட்டும், படத்தை நகலெடுக்காமல் இணைப்பு முகவரியோடு உடனே காவல்துறையிடம் செல்ல வேண்டும்.