சாலையைத் தோண்டாமல் தடிமன் அளக்கும் ரேடார்

ஒரு தார்ச்சாலையில் தார் அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று பார்க்க, வழக்கமாகக் கோர் எடுப்பார்கள். வட்டமாகத் துளைத்து, உருளைத் துண்டு ஒன்றை வெளியே இழுத்து, அளவுகோலை வைத்துப் பார்ப்பது. அதைவிட நேரான சான்று கிடையாது. ஆனால் அது அந்த ஒரு புள்ளிக்கு மட்டும்தான் செல்லும். பத்து மீட்டர் தள்ளி அடுக்கு மெலிந்திருந்தால் கோர் அதைச் சொல்லாது.

நிலம் ஊடுருவும் ரேடார் இந்தக் குறையைத் தீர்க்கிறது. வண்டியில் ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா தொங்கும். அதிலிருந்து பொதுவாக 1 அல்லது 2 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ துடிப்புகள் கீழே பாயும். காற்று முடிந்து தார் தொடங்கும் இடத்தில் ஒன்று, தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் ஒன்று என எதிரொலிகள் திரும்பி வரும். போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. வண்டி ஓடிக்கொண்டே அளக்கும்.

சரி, கருவிக்குக் கிடைப்பது என்ன? நேரம் மட்டும்தான். இரண்டு எதிரொலிகளுக்கும் நடுவே 2.5 நானோ வினாடி என்று வைத்துக்கொள்வோம். தாருக்குள் அலை போன வேகம் தெரியாமல் இதைத் தடிமனாக மாற்ற முடியாது. வெற்றிடத்தில் நானோ வினாடிக்கு 30 செ.மீ. போகும் அலை, தாருக்குள் மெதுவாகிவிடும். எத்தனை மடங்கு என்பது ஜல்லியின் வகை, ஈரம், எவ்வளவு இறுக்கி உருட்டினார்கள் என்பதைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி இங்கேதான் வருகிறது. முதலில் ஆன்டெனாவுக்கு நேர் கீழே ஓர் உலோகத் தகட்டை வைக்கிறார்கள். உலோகம் தன்மேல் விழுந்த அலையை அப்படியே திருப்பிவிடும். அப்புறம் தகட்டை எடுத்துவிட்டுச் சாலையின் மேற்பரப்பு தரும் எதிரொலியைப் பார்க்கிறார்கள். தகட்டின் வீச்சு 100 என்றால் சாலையினுடையது 43 என்போம். அதாவது தகட்டினுடையதில் 0.43 பங்கு. ஒன்றோடு அதைக் கூட்டினால் 1.43, ஒன்றிலிருந்து கழித்தால் 0.57. 1.43-ஐ 0.57-ஆல் வகுத்தால் சுமார் 2.5. அலை அத்தனை மடங்கு மெதுவாகியிருக்கிறது. அதாவது நானோ வினாடிக்கு 12 செ.மீ. 2.5 நானோ வினாடியில் 30 செ.மீ. ஓடியிருக்கும். போகவும் வரவும் சேர்ந்த தூரம் அது என்பதால், தடிமன் 15 செ.மீ.

மழை பெய்து மேற்பரப்பு நனைந்திருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். நீர் ரேடியோ அலையை வலுவாகத் திருப்புவதால் எதிரொலி பெரிதாகும், வேகம் குறைவாகக் கணக்காகும், சாலை உள்ளதைவிட மெல்லியதாகத் தெரியும். அதனால் காய்ந்த சாலையில்தான் அளக்க வேண்டும். மிக மெல்லிய அடுக்கில் இரண்டு எதிரொலிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கான்கிரீட்டும் அதன் கீழுள்ள அடுக்கும் ஒரே மாதிரியான மின்பண்பு கொண்டிருந்தால் எல்லையே மங்கிப்போகும்.

ஆகவே ரேடார் ஓடிய பிறகும் சில இடங்களில் கோர் எடுத்துச் சரிபார்ப்பார்கள். எங்கே துளைப்பது என்பதைத்தான் இப்போது ரேடார் படம் காட்டிக்கொடுக்கிறது.