சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு: வெளியே ஒரு பையா, குடலில் தைத்த புதுப்பையா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தசைச் சுவர்வரை இறங்கிவிட்டால், பையையே எடுத்துவிடுவதுதான் பல காலமாக முதன்மையான சிகிச்சை. (கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பையைக் காப்பாற்றும் வழி சிலருக்குப் பொருந்தும், அது தனிக்கதை.) ஆணுக்குப் பையோடு புராஸ்டேட்டும் போகும். பெண்ணுக்குப் பெரும்பாலும் கருப்பையும் சேர்ந்து போகும். தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் யூராலஜி டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் வீட்டார் கேட்பது இதைத்தான்: “வெளியில பை மாட்டாமப் பண்ண முடியாதா டாக்டர்?” நியாயமான கேள்வி. ஆனால் பை வெளியே தெரிகிறதா என்பதைவிட, சிறுநீர் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் உடம்புக்கு முக்கியம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீரை இறக்கிக்கொண்டே இருக்கும்; பை போனது அவற்றுக்குத் தெரியாது. பிறவிப் பையின் உள்தோல் விசேஷமானது. 400, 500 மில்லி சிறுநீரை மணிக்கணக்கில் தேக்கி வைத்தாலும் அதிலுள்ள உப்பையும் கழிவையும் இரத்தத்துக்குத் திரும்ப விடாது. அப்படிப்பட்ட தோல் உடம்பில் வேறெங்கும் உபரியாக இல்லை. அதனால் குடலில் கைவைக்கிறார்கள். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். கொஞ்சம் போனால் தாங்கும். ஒரு துண்டை அதன் இரத்தக் குழாய்களோடு சேர்த்தே பிரித்தெடுக்கலாம். மீதி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால் சாப்பாடு பழைய பாதையிலேயே போகும். சிறுகுடலின் கடைசி 15–20 செ.மீ.யை மட்டும் விட்டுவைப்பார்கள். பி12 வைட்டமினும் பித்த உப்பும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அந்தக் கடைசிப் பகுதியில்.

பழைய முயற்சிகள் வேறு மாதிரி இருந்தன. 1852ல் லண்டனில் ஜான் சைமன் என்ற மருத்துவர் சிறுநீர்க் குழாய்களை மலக்குடல் பக்கம் திருப்பிவிட்டார். அந்த வழியில் பின்னால் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மலமும் சிறுநீரும் கலந்து தொற்று ஏறியது. பல வருடம் கழித்து இணைத்த இடத்திலேயே புதிய புற்றுநோயும் வந்தது. இன்று அந்த முறை அரிது.

1950ல் அமெரிக்க மருத்துவர் யூஜின் பிரிக்கர் விவரித்த முறை இன்றும் நிற்கிறது. 15–20 செ.மீ. குடல் துண்டின் ஒரு முனையை மூடி, இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் அதில் தைத்து, மறுமுனையைத் தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்துவிடுவார்கள். வெளியே தெரியும் சிவந்த மொட்டுதான் ஸ்டோமா. அதைத் தொட்டால் வலிக்காது. சிறுநீர் உள்ளே தேங்காமல் உடனே மேலே ஒட்டியிருக்கும் பையில் விழும். பையின் அடியில் உள்ள குழாயைத் திறந்து கழிப்பறையில் விட்டுவிடலாம். இரவில் நீளமான ட்யூப் போட்டுக் கட்டிலுக்குக் கீழே பெரிய பையோடு இணைத்தால் இடையில் எழ வேண்டாம். தேங்காததால் குடல் திரும்ப உறிஞ்சுவதும் குறைவு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டாக்டர்கள் இதையே சொல்வது அதனால்தான்.

அடுத்தது நியோபிளாடர், அதாவது குடலில் தைத்த புதுப்பை. இதற்கு 50–60 செ.மீ. குடல் வேண்டும். குடலைக் குழாயாகவே விட்டுப் பையாக்கினால் அது தன் பழக்கத்தை விடாது. அலை அலையாகச் சுருங்கி உள்ளிருப்பதைத் தள்ளும். அழுத்தம் ஏறிச் சிறுநீர் கசியும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மூட்டிய கைலியின் தையலைப் பிரித்தால் அகலத் துணியாகிவிடுகிறதல்லவா, அதுபோலக் குடலை நீளவாட்டில் வெட்டித் திறந்து, மடித்து, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்து உருண்டையாக்குகிறார்கள். வளைய வளையமாகச் சுருங்கிய தசைகள் இப்போது ஆளுக்கொரு திசையில் இழுப்பதால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று கெடுத்துவிடும். இடமும் கூடும். ஒரு குழாயைத் திறந்து, ஒரு மடிப்பு மடித்து மறுபடி குழாயாக்கினால் நீளம் பாதியாகும், ஆரம் இரண்டு மடங்காகும். கொள்ளளவு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அதே குடலில் இரட்டிப்பு இடம். எனக்கு இந்த அறுவையில் மிகவும் பிடித்த இடம் இந்தப் பள்ளிக்கூடக் கணக்குதான். சுவிட்சர்லாந்தின் உர்ஸ் ஷ்டூடரும் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஹவுட்மனும் 1980களில் இதை ஆளுக்கொரு வடிவில் செய்து காட்டினார்கள்.

புதுப்பையைச் சிறுநீர் வரும் பழைய வழியிலேயே தைத்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நிரம்பிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு அதற்கு இல்லை. ஆரம்பத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும். ஆண்களும் உட்கார்ந்து, அடித்தசையைத் தளர்த்தி, வயிற்றை முக்கி வெளியேற்றப் பழக வேண்டும். பகலில் சமாளித்துவிடுபவர்களுக்கும் இரவில் படுக்கை நனையலாம். தூங்கும்போது மூடுதசை தளர்கிறது. பிறவிப் பை நிரம்பும்போது அந்தத் தசையை இறுக்கச் சொல்லும் எச்சரிக்கையும் இப்போது இல்லை. அலாரம் வைத்து எழுபவர்கள் பலர். சிலருக்கு, அதிலும் பெண்களில் கூடுதலாக, எதிர்ப்பிரச்சினை வரும்: சிறுநீர் முழுதாக இறங்காது. அவர்கள் தாங்களே கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு எடுக்க வேண்டும். குடல் சளியும் சிறுநீரில் வந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் அதைக் கழுவிவிட வேண்டும். கத்தீட்டர் போடும் கைக்கு நடுக்கம் இல்லாமல் இருக்கிறதா, கண் தெரிகிறதா என்பதெல்லாம் அதனால்தான் கேட்கப்படுகிறது.

இனி முன்னே சொன்ன உறிஞ்சும் விஷயம். புதுப்பையில் சிறுநீர் மணிக்கணக்கில் நிற்கும்போது குடல் தோல் அதிலிருந்து அமோனியத்தையும் குளோரைடையும் இரத்தத்துக்கு இழுத்து, பதிலுக்கு பைகார்பனேட்டை விட்டுவிடுகிறது. இரத்தத்தில் அமிலம் ஏறும். சோர்வு, பசியின்மை, குமட்டல், காரணமில்லாமல் எடை குறைதல் எல்லாம் அதன் அடையாளம். வருடக்கணக்கில் கவனிக்காவிட்டால் எலும்பும் தேயும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அமிலத்தைச் சமாளித்துவிடும், தேவைப்பட்டால் சோடியம் பைகார்பனேட் மாத்திரை போதும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் புதுப்பை அதன்மேல் இன்னொரு சுமை. அறுவைக்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்ப்பதும், அதை வைத்தே “உங்களுக்கு நியோபிளாடர் வேண்டாம்” என்பதும் இந்த வேதியியலால்தான். தொடக்க மாதங்களில் உப்பும் நீரும்கூட இந்தக் குடல் வழியாக வெளியேறும். சித்திரை வெயிலில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வயலில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீராகாரம் நல்லது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு: உள்ளே குடல் பை, வயிற்றில் சின்னத் துளை, வெளியே பை கிடையாது. பகலிலும் இரவிலும் துளை வழியே கத்தீட்டர் விட்டுத்தான் எடுக்க வேண்டும், ஆயுசுக்கும்.

வெளிப்பையைத் தேர்ந்தால் ஸ்டோமா இருக்கும் இடம்தான் எல்லாம். தப்பான இடத்தில் வைத்தால் பை ஒட்டாது, கசியும், தோல் வெந்துவிடும். படுக்கவைத்து மட்டும் இடம் குறிக்கக் கூடாது. நடவு நடும் பெண் குனிந்து காட்ட வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுபவர் அப்படியே உட்கார வேண்டும். கூத்தாநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ வருபவர் தொழுகையில் குனிவதுபோல் குனிய வேண்டும். கைலி முடிச்சும் பாவாடை நாடாவும் விழும் கோட்டைத் தவிர்த்து, மடிப்பு விழாத, தன் கண்ணுக்கே தெரிகிற இடமாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். வியர்வையில் பசை விட்டுப்போகும் கோடையில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் மாதத்துக்கு எத்தனை பை, எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வெளிப்பையை இரண்டாந்தரமாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம். இரண்டு முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வாழ்க்கைத்தரத்தில் எது மேல் என்று தெளிவாகக் காட்டவில்லை. சிறுநீரகம் நல்ல நிலையில், இரவில் எழுந்து போகத் தயங்காத, பழகப் பொறுமையுள்ள ஐம்பது வயதுக்காரருக்குப் புதுப்பை நன்றாக அமையும். எழுபத்தைந்து வயதில், முழங்கால் வலியோடு, பிள்ளைகள் எல்லாம் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவருக்கு நான் வெளிப்பையைத்தான் சொல்வேன்.

காலம் தள்ளுவது மட்டும் எதிலும் உதவாது. “சம்பா அறுப்பு முடியட்டும்” என்பவர்கள் உண்டு. நீண்டகாலச் சம்பா ரகம் விதைத்து அறுக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். நோய் தசைக்குள் போனது தெரிந்தபின், முன்கூட்டிக் கீமோ தரும் திட்டம் இல்லையென்றால், மூன்று மாதத்தைத் தாண்டும் தாமதம் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

புதுப்பைக்கு ஒப்புக்கொண்டவர் வயிற்றிலும் அறுவைக்கு முன்பே ஸ்டோமா இடத்தைக் குறித்து வைப்பார்கள். அறுவையின் நடுவே சிறுநீர்ப்பாதையின் வெட்டுமுனையை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது அங்கே புற்றணு தெரிந்தால், புதுப்பையை அதில் தைக்க முடியாது; அந்த நேரத்தில் திட்டம் வெளிப்பைக்கு மாறும். கையெழுத்துப் போடும் தாளில் இரண்டு அறுவையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.