தூங்கும் செயலியின் கதவில் ஒரு சீட்டு

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் குடியிருந்தோம். சமையலறை அலமாரியில் எந்தத் தட்டு யாருக்கு என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதை யாரும் தினமும் பார்ப்பதில்லை, மனப்பாடம். தட்டுகளை மாற்றும் அன்றுதான் சிக்கல். தாளைத் திருத்தினால் போதாது; நாலு பேர் மனத்திலிருக்கும் பழைய கணக்கும் அழிய வேண்டும். இல்லையென்றால் ஒருவர் அரிசியில் இன்னொருவர் கைவைப்பார்.

கணினியிலும் இதேதான். நினைவகம் ‘பக்கம்’ எனும் சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்; எந்தப் பக்கம் எங்கே என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. அண்மையில் பார்த்த வரிகளை ஒவ்வொரு செயலியும் (பிராசஸர்) டி.எல்.பி. என்ற சிறு சேமிப்பில் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை வேறு நிரலுக்குக் கொடுக்குமுன், இயக்க முறைமையின் மையமான கெர்னல் மற்ற செயலிகளுக்குக் குறுக்கீடு (‘வேலையை நிறுத்தி இதைக் கவனி’ என்ற சைகை) அனுப்பி, பழையதை அழிக்கச் சொல்லி, எல்லாரும் முடிக்கும்வரை காத்திருக்கும்.

சரி, செயலிகள் மெய்நிகராக, அதாவது நிஜச் செயலியைப் பகிர்ந்து மென்பொருள் காட்டும் பாவனையாக இருந்தால்? ஜூரோங் பக்கத் தரவு மையத்தில் ஓர் இயந்திரத்தைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். உங்கள் மெய்நிகர் செயலியை, இந்தப் பகிர்வை நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் வேறொருவருடையதை ஓட்டிக்கொண்டிருக்கலாம். நிறுத்தப்பட்டது மறுபடி ஓடும்வரை பதில் வராது. அனுப்பியவரோ வெறுமனே சுற்றிக்கொண்டு காத்திருப்பார். மைக்ரோ விநாடிகளில் முடியவேண்டியது மில்லி விநாடிகளாக நீளும்.

இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்குபவரை நாங்கள் எழுப்பமாட்டோம். கதவில் சீட்டு ஒட்டுவோம். அவர் சமையலறைக்குப் போவதற்குள் படித்தால் போதும். 2018இல் வந்த லினக்ஸ் 4.16 செய்வதும் இதுதான். எந்த மெய்நிகர் செயலி ஓடவில்லை என்பதை லினக்ஸின் ஹைப்பர்வைசரான கே.வி.எம். பகிர்ந்த நினைவகத்தில் குறித்துவைக்கும். ஓடாததற்கு, மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் கெர்னல் குறுக்கீடு அனுப்பாமல், அந்தக் குறிப்போடு சேர்த்தே ‘அழி’ என்ற கொடியை வைத்துவிட்டு நகரும். மறுபடி ஓடவிடுமுன் கே.வி.எம். கொடியைப் பார்த்து டி.எல்.பி.யை அழித்துவிடும். அதே ஆண்டு வந்த 4.19, விழித்திருக்கும் பலருக்கும் ஒரே அழைப்பில் குறுக்கீடு அனுப்ப வழிசெய்தது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். சீட்டை ஒட்டும் நொடியில் அவர் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால்? அதனால் ‘இன்னும் ஓடவில்லையா’ என்று பார்ப்பதும் கொடி வைப்பதும் பிரிக்கமுடியாத ஒரே செயலாக நடக்கின்றன. எதிர்ப்பக்கமும் அப்படியே: கே.வி.எம். கொடியைப் படிப்பதும் துடைப்பதும் ஒரே வீச்சில். நடுவில் செயலி விழித்துக்கொண்டால் கொடி வைக்கும் முயற்சி தோற்கும். அப்போது பழையபடி குறுக்கீடு போகும்.