ஒரே குளவிக்கு இரண்டு பெயர்

மாசிக்காய் உண்மையில் காயே அல்ல. ஓக் மரத்தில் ஒரு பொடிக் குளவி முட்டையிட்ட இடத்தில், மரமே திசுவைப் பெருக்கிப் புழுவுக்குக் கட்டிக்கொடுக்கும் வீடு அது. குளவி இனத்துக்கு இனம் வீட்டின் வடிவம் மாறும். அதனால் புடைப்பையும் குளவியின் உருவத்தையும் பார்த்தே பூச்சியியலாளர்கள் பெயர் வைத்துவந்தார்கள். சறுக்கியது அங்கேதான்.

ஐரோப்பாவின் பயோரைசா பல்லிடா என்ற குளவியை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில், வேரில் உள்ள புடைப்புகளிலிருந்து இறக்கையில்லாத பெண் குளவிகள் வெளியே வந்து அடிமரத்தில் ஊர்ந்து ஏறும். சட்டென்று பார்த்தால் எறும்பு என்றுதான் நினைப்போம். ஆண் துணை இல்லாமலே இவை மொட்டுக்குள் முட்டையிடும். வசந்தத்தில் அந்த மொட்டு ஒரு குட்டி ஆப்பிள் போல, சுமார் 4 செ.மீ. வரை, மெத்தென்று உப்பும். உள்ளே அறை அறையாகப் பல புழுக்கள். கோடையில் ஆணும் பெண்ணும் வெளிவந்து இணைசேர, பெண் மண்ணுக்குள் இறங்கி வேரில் முட்டையிடும். மறுபடி இறக்கையில்லாத பெண்கள்! தாயைப் போல பிள்ளை என்பது இங்கே பலிக்காது. பேத்திதான் பாட்டியைப் போல இருப்பாள்.

வேர்க்குளவி 'பயோரைசா ஆப்டெரா', ஆப்பிள் குளவி 'டெராஸ் டெர்மினாலிஸ்' என்று பேரினமே வேறாகப் பதிவாகியிருந்தன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் நகர மருத்துவர் ஹெர்மன் அட்லர், தொட்டியில் வளர்த்த ஓக் கன்றுகளில் குளவிகளை முட்டையிட விட்டு, என்ன வருகிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார். இப்படி, இரண்டு பெயர்களில் இருந்தவை ஒரே குளவியின் இரு தலைமுறைகள்தான் என்று பல ஜோடிகளுக்குக் காட்டி, 1881-இல் முடிவுகளை வெளியிட்டார்.

சரி, இரண்டும் ஒன்றென்றால் எந்தப் பெயர் நிற்கும்? பொதுவான விதி, பழையதே செல்லும், பொருத்தம் பார்ப்பதில்லை. இன்று 'பயோரைசா பல்லிடா (ஒலிவியே, 1791)' என்று எழுதுகிறோம்: 'பல்லிடா' என்று பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள். அந்த அடைப்புக்குறி சும்மா போட்டதல்ல. ஒலிவியே இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு இடம் மாறியது என்று அதற்குப் பொருள்.

டி.என்.ஏ. வந்தபின் எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் தெற்கே, பெலோனோக்னீமா ட்ரீட்டே என்ற பெயரில் ஆய்வாளர்கள் பலகாலம் படித்துவந்த குளவிகளை மரபணு, உடலமைப்பு இரண்டையும் வைத்து 2021-இல் மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று பெலோனோக்னீமா கின்சியி. மனிதப் பாலியல் ஆய்வால் புகழ்பெறும் முன் மாசிக்காய்க் குளவிகளைத்தான் சேகரித்துக்கொண்டிருந்தார் ஆல்ஃபிரட் கின்சி. 1921-இலேயே அவரைச் சிறப்பித்து வைத்த பழைய பெயர் அது. ட்ரீட்டே என்று தலைப்பிட்ட பழைய ஆய்வுகள் சில, உண்மையில் இந்தக் கின்சியியைப் பற்றியவை.