சராசரி வாடகையை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஐரோப்பாவுக்கு வேலை மாறிப் போகிறவர்களுக்கு வீட்டு விஷயத்தில் ஆலோசனை சொல்வது என் தொழில். அண்மையில் ஒரு தம்பதி எக்செல் தாள் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பெர்லினிலும் வியன்னாவிலும் வேலை கிடைத்திருக்கிறது, எங்கே போகலாம் என்பது கேள்வி. பெர்லினுக்கு நேரே சதுர மீட்டருக்கு 7.21 யூரோ என்று போட்டு, 60 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 430 யூரோ சொச்சம் என்று கணக்கை முடித்திருந்தார்கள்.

எண் சரிதான். பெர்லினின் 2024ஆம் ஆண்டு வாடகை அட்டவணையில் (மீட்ஷ்பீகல் என்பார்கள்) அந்தச் சராசரி இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கொடுக்கிற வாடகை. இன்று விளம்பரத்துக்கு வரும் வீடுகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள். வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைச் செலவெல்லாம் அதற்கு மேல்.

பெர்லினில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பழைய ஒப்பந்தம் கையில் இருப்பவர் அதை விடவே மாட்டார். பிள்ளைகள் போன பிறகும் வயதான தம்பதி நாலு அறை வீட்டிலேயே இருப்பார்கள், ஏனென்றால் இன்றைய விலைக்கு இரண்டு அறை வீடு அதைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் காலியாகும் வீடுகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள். 2015இல் வந்த சட்டப்படி புது வாடகை உள்ளூர் அட்டவணையைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முறையாக ஆட்கள் குடியேறிய கட்டடங்களுக்கு அது பொருந்தாது. கட்டில், சோபா போட்ட வீடுகளுக்குத் தனிக் கட்டணம் சேர்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டு வகைதான். வாடகை வரம்பை மீறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பயப்படாமல் வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்து கேளுங்கள். எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வியன்னாவின் கதை வேறு. 1923இல் வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் அப்படி வந்ததுதான். இன்று சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சியிடமே இருக்கின்றன. லாப வரம்புள்ள கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இவற்றில் வாழ்கிறார்கள். தனியார் வாடகை எகிறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நேற்று வந்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. நகராட்சி வீட்டுக்கு வோன்டிக்கெட் என்ற தகுதிச் சான்று வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதற்கு நீண்டகாலக் குடியிருப்பு உரிமையும் காட்ட வேண்டும், அது கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை தனியார் வீடுதான், அதுவும் பெரும்பாலும் காலவரையறை போட்ட ஒப்பந்தம்.

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் இந்தக் காத்திருப்பையே வரிசை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். 18 வயது ஆனவர் நகரின் வீட்டு ஒதுக்கீட்டு அமைப்பில் பெயர் பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து நாட்கள் எண்ணப்படும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள், நகர மையத்தில் நல்ல வீடு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் ஸ்வீடனுக்குப் படிக்கப் போகிறவர்களிடம் போன உடனே பெயரைப் பதிவு செய்யுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். வேலை கிடைத்த பிறகு பதிவு செய்தவர்கள், வருடா வருடம் உள்வாடகை வீடுகளில் மாறி மாறித் திரிவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் வீட்டின் பரப்பு, எரிசக்தித் தரம், மதிப்பு ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு உச்ச வாடகையைக் கணக்கிடுகிறார்கள். 2024 ஜூலையிலிருந்து நடுத்தர வாடகை வீடுகளும் இதில் வந்துவிட்டன. வாடகைதாரருக்கு நல்லதுதான். ஆனால் பல உரிமையாளர்கள் வீடு காலியானதும் வாடகைக்கு விடாமல் விற்றுவிடுகிறார்கள். அப்புறம், அங்கே ‘வெறும் வீடு’ என்றால் தரையில் பதித்த விரிப்போ பலகையோகூட இருக்காது, அதையும் செலவில் சேருங்கள்.

ஒரு விஷயத்தில் எந்த ஊரிலும் ஏமாறாதீர்கள். “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்” என்று யார் சொன்னாலும் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். பெர்லினில் மலிவான சில வீடுகளில், அந்த முகவரியை நகர அலுவலகத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்ய முடியாது என்பார்கள். அங்கே குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்வது சட்டக் கட்டாயம். அது இல்லாவிட்டால் வரி எண் வருவதிலிருந்தே எல்லாம் சிக்கல். முன்பணம் அங்கே அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை (வெப்பமூட்டல், தண்ணீர்ச் செலவு சேராதது), அதையும் மூன்று தவணையில் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்தத் தம்பதியின் தாளில் சராசரி வாடகைப் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் இந்த வாரம் விளம்பரத்தில் இருக்கும் பத்து வீடுகளின் மொத்த மாதச் செலவையும், ஒப்பந்தக் காலத்தையும், முகவரி பதிய முடியுமா என்பதையும் எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வியன்னாவைத் தேர்ந்தெடுத்தார்கள். போய்ச் சேர்ந்ததும் கையில் வந்த முகவரிப் பதிவுத் தாளைப் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.