அல்காரிதத்துக்கு ‘நெறிமுறை’ எதற்கு?

சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு. போன மாதம் கணினி அறிவியல் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘நெறிமுறை என்றால் என்ன?’ என்று ஒரு 2 மதிப்பெண் கேள்வி. அவள் எழுதியிருந்தது: ‘கணிப்பொறியைப் பயன்படுத்தும்போது பிறருக்குத் தீங்கு வராமல் நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு.’ பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு முட்டை.

“இதுல என்ன சாரே தப்பு?” என்று கேட்டாள்.

தமிழ் தெரிந்த யாரிடம் காட்டினாலும் இரண்டுக்கு இரண்டு போடுவார்கள். கேள்வி கேட்டவர் மனத்தில் இருந்ததோ அல்காரிதம். பாடப்புத்தகத்தில் அதற்குத் தமிழ் ‘நெறிமுறை’. பிள்ளை சொல்லைப் படித்து விடை எழுதினாள், திருத்தியவர் கலைச்சொல் பட்டியலைப் பார்த்துத் திருத்தினார். இந்த ‘நெறிமுறை’யை நான் பல வருடங்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து வருகிறேன். அந்த முட்டையைப் பார்த்த பிறகு முடியவில்லை.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அல்காரிதம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி. குவாரிஸ்ம் என்ற ஊர்ப்பக்கத்துக்காரர் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். நம் நாட்டு எண்களை வைத்துக் கணக்குப் போடும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. போகிற வழியில் அவர் பெயர் ‘அல்கோரித்மி’ ஆயிற்று. நாளடைவில் அந்தப் பெயரே அந்த எண்களால் கணக்கிடும் முறையைக் குறித்தது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘அரித்மோஸ்’ அதோடு குழம்பி இன்றைய வடிவம் வந்தது. அல்ஜீப்ராவும் இவர் எழுதிய இன்னொரு நூலின் தலைப்பிலிருந்து வந்ததுதான். ஒரே ஆள் இரண்டு சொல்லைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, இன்றைய பொருள் என்ன? ஒரு வேலையைச் செய்து முடிக்க, குழப்பமில்லாத படிகளை, வரிசை மாறாமல், எங்கோ ஓரிடத்தில் முடிகிற மாதிரி எழுதிவைத்தால் அது அல்காரிதம். உள்ளே ஏதாவது கொடுக்கிறோம், படிகள் நடக்கின்றன, விடை வெளியே வருகிறது. 48, 18 இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி வேண்டுமா? பெரியதைச் சிறியதால் வகு. மீதி 12. இனி 18-ஐ 12-ஆல் வகு. மீதி 6. அப்புறம் 12-ஐ 6-ஆல் வகு. மீதி 0. நிறுத்து, விடை 6. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகள் முன்பு வாழ்ந்த யூக்ளிட் காட்டிய வழி இது. கணிப்பொறி வந்ததும் அதையே அதற்குள் போட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு நான் இதை ரப்பர் ஷீட் வைத்துத்தான் சொல்லுவேன். குமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் பார்த்த வேலை. விடியுமுன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, முதலில் வடிகட்டணும். தண்ணீர் சேர்க்கணும். தட்டில் ஊற்றி அளவாக ஆசிட் விட்டுக் கலக்கணும். உறையட்டும் என்று விடணும். உறைந்துவிட்டதா? இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பொறு. உறைந்துவிட்டதென்றால் வழவழ ரோலரில் போட்டு, அப்புறம் வரி ரோலரில் போட்டு, உலர்த்து. வடிகட்டுவதற்கு முன்னால் ஆசிட்டை விட்டால் தூசியும் சருகும் ஷீட்டுக்குள்ளேயே உறைந்துபோகும், விலை கிடைக்காது. உறைவதற்கு முன்னால் ரோலருக்குக் கொண்டுபோனால் பால் தரையில் ஓடும். நிபந்தனை, திரும்பச் செய்தல், வரிசை என்று முதல் வருடக் கணினிப் பாடம் முழுக்க அந்தத் தட்டில் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், வரிசையை மாற்றிச் செய்தவன் நெறி தவறியவனா? ஷீட்டைக் கெடுத்தவன், அவ்வளவுதான். ‘நெறி’ என்றதும் தமிழனின் காதில் விழுவது ஒழுக்கம். அறநெறி, நெறி தவறினான், நெறிகெட்டவன். ‘பொய்தீர் ஒழுக்க நெறிநின்றார்’ என்று குறளே ஒழுக்கத்தையும் நெறியையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது. அந்தக் குறள் ‘பொறி’ என்றுதான் தொடங்குகிறது. கணிப்பொறி நெறிமுறைக்கு வள்ளுவரே சான்று என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், அங்கே பொறி என்பது ஐம்பொறி.

‘நெறிமுறை’க்கு வக்காலத்து வாங்குபவர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். நெறி என்றால் பழந்தமிழில் வழி, பாதை. முறை என்றால் ஒழுங்கு. ஆக நெறிமுறை என்றால் ஒழுங்கான வழி, என்ன குறை? அகராதிப்படி சரிதான். நாற்றம் என்றாலும் பழந்தமிழில் நறுமணம்தான். தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விற்கிற அக்காவிடம் போய் “நல்ல நாற்றம்” என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு சொல் எங்கே நின்றது என்பது ஆராய்ச்சிக்கு ஆகும். பதினாறு வயதுப் பிள்ளை இன்றைக்கு அதைக் கேட்டால் மனத்தில் என்ன வருகிறது என்பதுதான் பாடப்புத்தகத்துக்கு வேண்டியது.

பொருள் பொருந்தாதது பாதிக் குற்றம்தான். அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது, அது மீதிப் பாதி. இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போது இருவரும் ஒத்துக்கொண்டு நடக்கிற விதிகளுக்குப் புரோட்டோகால் என்று பெயர். அதற்குத் தமிழில் நெறிமுறை என்கிறோம், அது மிகப் பொருத்தம். அரசு விழாவில் யார் முதலில் உட்காருவது, தூதரை எப்படி வரவேற்பது என்பவையும் புரோட்டோகால்தான். இருவர் நடந்துகொள்ளும் ஒழுங்கு அது. அங்கே நெறி என்ற சொல் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வலையமைப்பு பற்றிய பாடத்திலும் ‘நெறிமுறைகள்’ என்றுதான் வருகிறது. போதாக்குறைக்குப் பதினொன்றாம் வகுப்பின் கடைசியில் ‘கணிப்பொறி நன்னெறி’ என்று தனிப் பாடம். அல்காரிதம், புரோட்டோகால், ஒழுக்கம் மூன்றையும் ஒரே நெறியில் கட்டிப் போட்டுவிட்டு, குழம்பிய பிள்ளைக்கு முட்டை போடுகிறோம். இந்தப் பெண் எழுதிய விடை மூன்றாவது வீட்டுக்குரியது. வீட்டு எண் எழுதாதது யார் குற்றம்?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்துக்குத் தலைப்பே ‘நெறிமுறையின் யுக்திகள்’. முதல் தடவை படித்தபோது, விதிகளிலிருந்து தப்பிக்கும் தந்திரங்களைச் சொல்லித்தருகிறார்கள் போல என்று நினைத்தேன். உள்ளே இருந்தது தேடலும் வரிசையாக்கமும். செய்திகளும் இப்படித்தான். ‘சமூக ஊடக நிறுவனங்கள் தங்கள் நெறிமுறையை மாற்றுகின்றன’ என்று வாசிக்கிறார்கள். எதை மாற்றுகிறார்கள்? எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கையா, யார் என்ன எழுதலாம் என்ற விதிகளையா? இரண்டும் ஒன்றா? ஒன்று எந்திரம் செய்வது, மற்றது மனிதர் கட்டுப்படுவது.

என் கட்சி ‘படிமுறை’. நான் கண்டுபிடித்த சொல் அல்ல, முன்பே புழங்குவதுதான். படிப்படியாகச் செய்யும் முறை என்று விளக்கம் சொல்லாமலே விளங்குகிறது. தேடல் படிமுறை, வரிசையாக்கப் படிமுறை என்று ஒட்டவைத்தாலும் இடிக்கவில்லை. ‘தேடல் நெறிமுறை’ என்று சொல்லிப் பாருங்கள், வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர் கடைப்பிடிக்க வேண்டியது போல இருக்கிறது.

படி என்பதற்கும் பல பொருள் உண்டே என்று என் நண்பர் ஒருவர், தமிழாசிரியர், மடக்கினார். படிக்கட்டு, ஒரு படி அரிசி, அகவிலைப்படி, கையெழுத்துப்படி, பாடத்தைப் படி. உண்மைதான். ஆனால் ‘முறை’யோடு சேர்ந்ததும் அரிசியும் அகவிலையும் ஓடிவிடுகின்றன, படிக்கட்டு மட்டும் நிற்கிறது. கூடவே ‘சொன்னபடி’, ‘எழுதியபடி’ என்பதில் இருக்கும் படியும் லேசாக ஒலிக்கிறது. அது எனக்கு லாபம். எழுதியபடி செய்வதுதானே கணிப்பொறிக்குத் தெரிந்த ஒரே வேலை. அல்காரிதத்தில் திரும்பத் திரும்பச் சுற்றும் பகுதி வருமே, படி நேராகத்தானே ஏறும் என்றும் கேட்டார். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படிக்கட்டில் இறங்கியவர்தான் அவரும். இறங்கிய படியிலேயே மூச்சு வாங்க ஏறி வந்ததை மறந்துவிட்டார்.

‘வழிமுறை’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பொதுப்படையான சொல், மருந்துச் சீட்டுக்கும் அது, வீடு கட்டவும் அது. பத்தாம் வகுப்புக் கணக்கில் யூக்ளிடின் வகுத்தல் ‘வழிமுறை’ என்று படித்த அதே பிள்ளை, பதினொன்றில் அதையே ‘நெறிமுறை’ என்று படிக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கணக்குப் புத்தகம் மொழிபெயர்த்தவரும் கணினிப் புத்தகம் மொழிபெயர்த்தவரும் ஒரு டீ குடித்திருந்தால் போதும். ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்கிற ஒரே சொல், கணக்கில் ‘சார்பு’ என்பது, கணினியில் ‘செயற்கூறு’ ஆனதும் இப்படித்தான். அங்காவது வேலை கொஞ்சம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். இங்கே அதுவும் இல்லை.

அல்காரிதம் என்றே எழுதிவிட்டால் என்ன? எழுதலாம். வாட், வோல்ட் எல்லாம் ஆள் பெயர்கள்தான், அவற்றை யாரும் தமிழாக்கவில்லை. தூய்மை பேசும் நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, தப்பான தமிழைவிட ஒழுங்கான கடன் சொல் மேல் என்பேன். ஆனால் அல்காரிதம், அல்கோரிதம், அல்கரிதம் என்று ஆளுக்கொரு எழுத்தில் எழுதுகிறோம். அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளைக்கு எதுவும் விளங்கப் போவதுமில்லை. படிமுறை விளங்குகிறது.

இவ்வளவையும் திண்ணையில் அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டாள். “எளுப்பமாத்தான் இருக்கு சாரே. பரீட்சைல எதை எழுத?”

“நெறிமுறைன்னே எழுது மக்களே,” என்றேன். ரஃப் நோட்டில் மட்டும் தலைப்பை அடித்துவிட்டுப் படிமுறை என்று எழுதிக்கொண்டாள்.